அந்த ஏழு மதிப்பெண் எங்கே போனது?

வாசகர் கடிதம்: எங்கள் ஊர் விருதுநகர். அப்பா பருப்பு மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். சி.ஏ. எனும் பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனை முதல் முயற்சியிலேயே முடித்தேன். அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் மூன்று தாள் கொண்ட முதல் குரூப்பை இரண்டு முறை எழுதிவிட்டேன். ஜனவரியில் 38, 33, 36. மே மாதம் எழுதியதற்கு ஜூலையில் முடிவு வந்தது: அக்கவுண்டிங் 58, சட்டம் 41, வரி 44. மூன்றிலும் 40-ஐத் தாண்டியும் ஃபெயில். தினமும் பன்னிரண்டு மணி நேரம் வீடியோ வகுப்பும் புத்தகமுமாக உட்கார்ந்திருக்கிறேன். சட்டத் தாளில் நேரம் போதாமல் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டேன். கொள்குறி வினாக்களில் நான்கை, தவறாகப் போனால் மதிப்பெண் குறைந்துவிடுமே என்று பயந்து நிரப்பாமல் வந்துவிட்டேன். மனதில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. இரண்டாவது குரூப்பை இன்னும் தொடவில்லை. செப்டம்பரில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதலாமா? வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார் மாமா. இதை விட்டுவிடுவதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே பென்சிலை எடுத்து மூன்று எண்களையும் கூட்டிப் பார்த்தேன். 58, 41, 44, மொத்தம் 143. ஒரு குரூப்பில் தேற வேண்டுமானால் ஒவ்வொரு தாளிலும் 40 எடுக்க வேண்டும், மூன்றும் சேர்ந்து 150 வர வேண்டும். முதல் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டீர்கள். இரண்டாவதில் 7 குறைந்துவிட்டது. ஜனவரியில் உங்கள் மொத்தம் 107. நான்கு மாதத்தில் 36 மதிப்பெண் ஏறியிருக்கிறீர்கள். விட்டுவிடுவதா என்று கேட்டீர்கள் அல்லவா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: விடக் கூடாது.

மண்டிக் கணக்கு மாலையில் ஏழு ரூபாய் இடித்தால் உங்கள் அப்பா என்ன செய்வார்? பேரேட்டை மூடிவிட்டு வேறு வேலை தேடப் போகமாட்டார். ரொக்கப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வரியில் இடிக்கிறது என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வருவார். நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

உங்கள் கடிதத்திலேயே முதல் இடம் தெரிகிறது. நான்கு கொள்குறி வினாக்களைப் பயந்து விட்டுவிட்டேன் என்கிறீர்கள். அந்தப் பயம் ஃபவுண்டேஷனில் பழகியது. அங்கே மூன்றாவது, நான்காவது தாள்களில் தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழிப்பார்கள். இன்டரிலும் ஃபைனலிலும் அப்படிக் கழிப்பதே இல்லை. தெரியாத கேள்வியானாலும் ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நீங்கள் விட்ட நான்கும் இரண்டு மதிப்பெண் வினாக்களாக இருந்தால் 8 மதிப்பெண்ணை முயலாமலே விட்டிருக்கிறீர்கள். நான்கும் சரியாகப் போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டம் இவ்வளவு படித்தவருக்கு நான்கு விடைகளில் இரண்டையாவது 'இது இல்லை' என்று ஒதுக்கத் தெரியும். மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் மூன்று நான்கு மதிப்பெண் வந்திருக்கும். வரித் தாளிலும் அக்கவுண்டிங்கிலும் இப்படி எத்தனை விட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தாளிலும் கொள்குறிப் பகுதிக்கு 30 மதிப்பெண். வட்டத்தை நிரப்பி விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். தாளில் ஒரு கேள்விகூட வெறுமையாக இருக்கக் கூடாது.

இரண்டாவது இடம் நேரம். மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். கொள்குறிப் பகுதியை 45 நிமிடத்தில் முடித்தால் விரிவாக எழுதும் 70 மதிப்பெண்ணுக்கு 135 நிமிடம் மிஞ்சும். 14 மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு 27 நிமிடம். இந்த 27 என்ற எண்ணைப் படிக்கும் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டி வையுங்கள். 27 ஆனதும், அந்த விடை முடிந்ததோ முடியவில்லையோ, கீழே இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். ஒரு கேள்வியைச் செதுக்கிக்கொண்டே இருந்தால் கடைசியில் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண் ஒன்றோ இரண்டோதான். அதற்காக அடுத்த கேள்வியைத் தொடாமல் விடுவது பெரிய நஷ்டம். அங்கே முதல் பத்து நிமிடத்தில் எழுதும் அடிப்படைக்கே நான்கைந்து மதிப்பெண் காத்திருக்கிறது.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் எத்தனை மணி நேரம் பேனா காகிதத்தில் ஓடியது? கடிதம் முழுவதும் தேடினேன், ஓர் இடத்தில்கூட 'எழுதிப் பார்த்தேன்' என்ற சொல் இல்லை. வீடியோ வகுப்பில் ஆசிரியர், தாய் நிறுவனத்தையும் துணை நிறுவனத்தையும் சேர்த்துக் காட்டும் தொகுப்பு இருப்புநிலைக் குறிப்பு ஒன்றைப் போட்டுக் காட்டும்போது எல்லாம் புரியும். துணை நிறுவனத்தின் பங்குகளை வாங்கிய தேதிக்கு முந்தைய லாபத்தை ஒரு பக்கம் ஒதுக்குகிறார், பிந்தைய லாபத்தை இன்னொரு பக்கம் ஒதுக்குகிறார், சிறுபான்மைப் பங்குதாரருக்கு உரியதைப் பிரிக்கிறார், நற்பெயர் மதிப்பை (குட்வில்) கண்டுபிடிக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டே வருவீர்கள். அடுத்த நாள் அதே கணக்கை வெள்ளைத் தாளில் போட உட்கார்ந்தால் முதல் வரி எது என்றே கை தேடும். பங்கு வாங்கிய தேதியைக் குறித்துக்கொள்வதா, தாய் நிறுவனத்தின் பங்கு விகிதத்தை எழுதுவதா? அந்தத் தயக்கத்தில் போகும் ஐந்து நிமிடம்தான் தேர்வறையில் உங்களைத் தோற்கடிக்கிறது. கண் அறிந்ததைக் கை அறிந்ததாக நினைத்துக்கொள்வதே சி.ஏ. மாணவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. இருபத்தைந்து ஆண்டுகளாக என் அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவே இல்லை. அவ்வளவு பேர் இந்த ஓர் இடத்தில் வழுக்குகிறார்கள்.

ஆகவே செப்டம்பர் வரை புதிய வீடியோ எதுவும் வேண்டாம். முழுப் பாடத்தையும் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். மதியம் 2 மணி முதல் 5 மணி வரைதான் உங்கள் தேர்வு நேரம். விருதுநகர் வெயிலில் சாப்பிட்டவுடன் கண் செருகும் நேரமும் அதுதான். உடம்பை இப்போதே பழக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது அந்த நேரத்தில் முழுத் தாள் ஒன்றை எழுதுங்கள். 1.45-க்குக் கேள்வித்தாளைக் கையில் எடுத்து, கால் மணி நேரம் படிக்க மட்டும் செய்யுங்கள். எந்தக் கேள்வியை முதலில் எழுதுவது, எதை விடுவது என்பதை அந்தக் கால் மணிக்குள் முடிவு செய்துவிட வேண்டும். கைப்பேசி அம்மாவிடம் இருக்கட்டும்.

தாள்களுக்குக் காசு கொடுத்து எங்கும் போக வேண்டியதில்லை. சி.ஏ. தேர்வை நடத்தும் இன்ஸ்டிடியூட்டே ஒவ்வொரு தேர்வுக்கும் மாதிரித் தேர்வுத் தாள்களையும் ஆர்.டி.பி. எனப்படும் திருப்புதல் தாளையும் இலவசமாக வெளியிடுகிறது. பழைய தேர்வுகளின் பரிந்துரை விடைகளும் அங்கேயே கிடைக்கின்றன. வரித் தாளுக்கு உங்கள் தேர்வுக்குரிய ஆர்.டி.பி. மிக அவசியம். எந்தத் தேதி வரையிலான சட்டத் திருத்தங்கள் உங்களுக்குப் பொருந்தும் என்பது அதில் இருக்கும். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு பழைய வரி விகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டு வருபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இன்னொன்று, வரித் தாளில் பாதி ஜி.எஸ்.டி. வருமான வரிக்கு 50 என்றால் இதற்கும் 50. பெரும்பாலோர் வருமான வரியில் மூழ்கிக் கிடந்துவிட்டு, ஜி.எஸ்.டி.யைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாடத்தின் அளவையும் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டால் விரைவில் பலன் தருவது ஜி.எஸ்.டி.தான். உங்கள் 44-ஐ 54 ஆக்க அதுவே குறுக்கு வழி.

ஆங்கிலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் கதையும்கூட. நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழிதான். சி.ஏ. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், ஹிந்தியில் எழுதலாம். தமிழில் எழுத வழியில்லை. அது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் செப்டம்பருக்குள் அது மாறப்போவதில்லை. ஃபைனலில் நான் முதல் முறை கம்பெனி சட்டத் தாள் எழுதியபோது, ஆங்கிலம் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்த நீளமான வாக்கியங்களை அடுக்கினேன். 34 வந்தது. நான் ஆர்ட்டிகிள்ஷிப் எனும் அலுவலகப் பயிற்சி செய்த ஆடிட்டர், தாம் கையெழுத்திட்ட தணிக்கை அறிக்கை ஒன்றை என் முன் வைத்து, "இதில் எந்த வாக்கியம் இரண்டு செய்தி சொல்கிறது, காட்டு" என்றார். ஒன்றுகூட இல்லை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. அன்றிலிருந்து அப்படித்தான் எழுதுகிறேன். அடுத்த முறை அதே தாளில் தேறினேன்.

சட்டத் தாளுக்கு எப்படி எழுதுவது என்று ஒரு கேள்வியை வைத்தே காட்டுகிறேன். ஒரு கம்பெனி ஆகஸ்ட் 1 அன்று மின்னஞ்சலில் நோட்டீஸ் அனுப்பி, ஆகஸ்ட் 22 அன்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கூட்டுகிறது. நோட்டீஸ் செல்லுமா? உங்களுக்கு விடை தெரியும் என்பது எனக்குத் தெரியும். செல்லாது. அவசரத்தில் 'நோட்டீஸ் போதிய கால அவகாசம் இல்லாததால் செல்லாது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்திருப்பீர்கள். விடை சரிதான், மதிப்பெண் மட்டும் வராது. திருத்துபவர் நான்கு துண்டுகளைத் தேடுகிறார்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது: 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 101-ஆவது பிரிவுப்படி பொதுக்கூட்டத்துக்கு முழுமையான 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும். முழுமையான நாள் என்றால் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் வராது. பிறகு அதைக் கேள்விக்குப் பொருத்த வேண்டும்: ஆகஸ்ட் 2 முதல் 21 வரை எண்ணினால் 20 நாள். ஒரு நாள் குறைகிறது. அதன் பின் விதிவிலக்கு: ஆண்டுப் பொதுக்கூட்டமானால், வாக்களிக்க உரிமையுள்ள உறுப்பினர்களில் 95 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் எழுத்து மூலமோ மின்னணு முறையிலோ சம்மதித்தால் குறைந்த கால நோட்டீஸும் போதும். கடைசியாக முடிவு: கேள்வியில் அப்படிச் சம்மதம் பெற்றதாகச் சொல்லப்படவில்லை, ஆகவே நோட்டீஸ் செல்லாது. இவ்வளவுதான். ஆங்கிலத்தில் எட்டு வாக்கியம் வரும், எதுவும் பத்துப் பதினைந்து சொல்லைத் தாண்டாது. இதற்கு இலக்கிய ஆங்கிலம் வேண்டாம். பிரிவு எண் நினைவில்லையென்றால் அதை விட்டுவிட்டுச் சட்டத்தின் சாரத்தை மட்டும் எழுதுங்கள். ஊகித்து எழுதிய தவறான எண், சரியான விடையின் மேலும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

தினமும் ஐந்து கேள்விகளை இப்படி எழுதுங்கள். முதல் வாரம் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவது போலத்தான் இருக்கும். மூன்றாவது வாரத்தில் 'சட்டம் இவ்வாறு கூறுகிறது', 'இந்த வழக்கில்', 'ஆகவே' என்பதற்கான ஆங்கிலத் தொடர்கள் தாமாகவே பேனாவில் வரும். சட்டத் தாளுக்குத் தேவைப்படும் தொடர்கள் மொத்தமே முப்பது நாற்பதுக்குள் அடங்கிவிடும்.

கணக்குத் தாளுக்கு ஒரே ஒரு சொல்: விடைக்காக இடையில் போடும் துணைக் கணக்குகளை விடைக்குப் பக்கத்திலேயே எண்ணிட்டு எழுதுங்கள். இறுதித் தொகை தவறினாலும் வழி சரியாக இருந்தால் அந்தப் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. கடைசிப் பக்கத்தில் கிறுக்கி வைத்த கணக்கை யாரும் தேடிப் படிக்கமாட்டார்கள். விடைத்தாள்களை இப்போது ஸ்கேன் செய்து கணினித் திரையில்தான் திருத்துகிறார்கள், ஆகவே கறுப்பு மைப் பேனாவால் அழுத்தமாக எழுதுங்கள். தேர்வறைக்குக் கொண்டுபோகும் அதே பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரை இன்றிலிருந்தே பயன்படுத்துங்கள். விரலுக்கு அது பழக வேண்டும்.

செப்டம்பரில் இரண்டு குரூப்பையும் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் ஒரே தேர்வில் எழுதுபவர்களுக்கு ஒரு சலுகை இருப்பது உண்மைதான். எல்லாத் தாளிலும் 40 இருந்து, ஆறு தாளும் சேர்ந்து 300 வந்துவிட்டால், ஒரு குரூப்பில் குறைந்ததை இன்னொரு குரூப்பில் கூடுதலாக எடுத்தது ஈடுகட்டிவிடும். இரண்டும் தயாராக இருப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் நீங்கள் இரண்டாவது குரூப்பின் செலவுக் கணக்கையும் தணிக்கையையும் நிதி மேலாண்மையையும் இன்னும் தொடவில்லை. இரண்டே மாதத்தில் அதைத் தொடங்கினால், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் முதல் குரூப்பும் நழுவும். செப்டம்பரில் முதல் குரூப் மட்டும். எழுதி முடித்த மூன்றாம் நாளே இரண்டாவது குரூப் புத்தகத்தை எடுங்கள். இன்டர் தேர்வு இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. ஜனவரியில் அதை எழுதலாம். முன்பு ஆறு மாதம் காத்திருந்த எங்களுக்கு இந்த வசதி கிடையாது.

இன்னொரு விதியையும் மனதில் வையுங்கள். ஒரு தாளில் 60 எடுத்துவிட்டால், குரூப்பில் தவறினாலும் அந்தத் தாளுக்கு அடுத்த மூன்று தேர்வுகளுக்கு எக்ஸம்ப்ஷன், அதாவது மறுபடி எழுத வேண்டாம் என்ற விலக்கு, உண்டு. நீங்கள் அக்கவுண்டிங்கில் இரண்டே மதிப்பெண்ணில் அதை இழந்தீர்கள். செப்டம்பரில் அக்கவுண்டிங்கில் 65-ஐக் குறி வைத்தால் மற்ற இரண்டு தாளிலும் அழுத்தம் குறையும். ஆனால் குரூப்பின் எல்லாத் தாளையும் எழுதியவருக்குத்தான் இந்த எக்ஸம்ப்ஷன். முதல் தாள் சரியாகப் போகவில்லை என்று அழுதுவிட்டு மூன்றாம் தாளுக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. நீங்கள் என்ன நடந்தாலும் மூன்று நாளும் போய் உட்காருங்கள். எழுதிய தாளை நாமே திருத்த முடியாது.

மாமா சொல்வதில் அக்கறை இருக்கிறது, அவரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் சொல்ல ஒரு திட்டம் உங்கள் கையில் இருந்தால் பேச்சு குறையும். புதிய பாடத்திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இன்டரின் இரண்டு குரூப்பையும் முடித்த பிறகே அதில் சேர முடியும். செப்டம்பரில் முதலாவது, ஜனவரியில் இரண்டாவது என்று முடிந்தால் அடுத்த ஆண்டே ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, சிறிய தொகையானாலும் உதவித்தொகை வாங்கத் தொடங்குவீர்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். கணக்குப்பிள்ளைக்குத் தேதியும் தொகையும் போட்டுச் சொன்னால்தான் நிம்மதி.

பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று யாராவது சொன்னால், சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையாரைப் பற்றிச் சொல்லுங்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று, வெளியே வந்து படித்து, 1933-இல் தேறி, நாட்டின் முதல் பெண் கணக்காளர் ஆனவர். சிறை சென்றவர் பதிவு செய்ய முடியாது என்று அன்றைய விதி தடுத்தபோது, வழக்குப் போட்டு வென்று தொழில் செய்தார். பின்னாளில் இன்ஸ்டிடியூட்டின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கே தலைவராக இருந்தார். நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தத் தொழிலில் வழி புதிதல்ல.

இந்த வாரம் இரண்டு வேலைகள் இருக்கின்றன. செப்டம்பர் தேர்வுக்கான விண்ணப்பத்தைக் கடைசித் தேதி வரை தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள். அடுத்து, சட்டம், வரி ஆகிய இரண்டு தாள்களின் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். மதிப்பெண்ணைக் கூட்டித் தருவார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கச் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கு எத்தனை விழுந்தது, எங்கே நீங்கள் ஆறு வரி எழுதியும் ஒன்றுதான் கிடைத்தது என்று பார்ப்பதற்காக. நகல் வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம், அதற்காகக் காத்திருக்காமல் நாளை மதியம் 1.45-க்கு முதல் மாதிரித் தாளை எடுத்துவிடுங்கள்.

நகல் வந்ததும் சட்டத் தாளின் முதல் ஆறு பக்கங்களை, பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்துவிட்டு, இந்தப் பகுதிக்கே அனுப்பி வையுங்கள். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்து எழுதுகிறேன்.